பூவா தலையா, கறுப்பா வெள்ளையா

வெள்ளி, 13 பெப்ரவரி 1959

காலையில் கடும் பனி. ஆற்றோர மலையில் கொழுந்தெல்லாம் கருகி, சுட்ட அப்பளம் மாதிரி. வலது முழங்கால் வலி.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சவர்க்காரம், பிளேட். பெரிய மகளுக்குக் கடிதம். இன்றும் எழுதவில்லை.

மாலை காசிம் நானா கடை. ஞாயிறு கால்பந்து மேட்ச் என்பதால் உட்கார இடமில்லை. மேல்கணக்கு ஆட்கள் ஒரு பெஞ்சு, கீழ்க்கணக்கு எதிர்ப் பெஞ்சு. ஒரே தோட்டத்தின் இரண்டு பிரிவுதான், ஒரே துரை, ஒரே ஃபெக்டரி. பந்து என்று வந்தால் இரண்டு நாடு. இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தவன் நான். குடியிருப்பது மேலே, அதனால் என்னை மேல்கணக்கு என்று எழுதிவிட்டார்கள்.

என் பக்கத்தில் வீரமுத்து கங்காணி. மனைவி போனபிறகு தினமும் என்னோடுதான் வருகிறார். இன்று பரவாயில்லை, பேசினார்.

"மருதை கையப் பாத்திருக்கீங்களா நானா? ரெண்டையும் விரிச்சான்னா கோலுக்குள்ள காத்துகூடப் போவாது."

எதிரே சடையன். கீழ்க்கணக்கில் தப்பு மேளம் அடிப்பவர். காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்கு, திருவிழாவுக்கு, சாவுக்கு, மேட்சுக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான். மேல்கணக்கில் தப்படிக்க ஆள் இல்லாததால் எங்கள் சாவுக்கும் அவரே மலையேறி வருவார். டீயை உறிஞ்சிக்கொண்டே: "காத்து போவாது கங்காணி. பந்துதான் போவுது. போன வருசம் ரெண்டு."

ஒரே சிரிப்பு. எங்கள் கோலி மருதைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு பியர். இதில்லாமல் மேட்ச் பேச்சு முடியாது. துரை வருஷா வருஷம் இரண்டு பெட்டி தருவார். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. டாஸில் ஜெயித்தவர்கள் எந்தப் பக்கம் ஆடுவது என்று கேட்பதில்லை. எந்தப் பெட்டி என்றுதான் கேட்பார்கள். வேறு எந்தத் தோட்டத்திலும் இப்படிக் கிடையாது. விசாரித்துவிட்டேன்.

வீ.மு. கட்சி கறுப்பு. "நெஞ்சுல நிக்கணும் சடையா. வெள்ளை என்னா, குதுர மூத்திரம். நுரைதான் மிச்சம்."

சடையன்: "கறுப்பு பத்தியக்காரங்க குடிக்கிறது. டிஸ்பென்சரய்யா சீக்காளிக்கு எழுதிக் குடுப்பாரே, அது. அதக் குடிச்சிட்டுப் பந்தடிச்சா இருமல்தான் வரும்."

தீர்ப்புக்குக் காசிம் நானாவிடம் போனார்கள். வாயில் ஒரு சொட்டு வைக்காத மனிதர். நானா யோசித்துச் சொன்னார்: "நிறத்தப் பாத்தா கறுப்பு கோப்பி மாதிரி, வெள்ளை பிளேன்டீ மாதிரி. ரெண்டும் ஏன்ட கடையில இருக்கு. சண்ட புடிக்காமக் குடிங்க."

கலையும்போது சடையன், "ஞாயித்துக்கிழமை மேக்கணக்குக்கு சாவு மேளம்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். வீ.மு.வும் சிரித்தார்.

இப்போது எழுதும்போது ஒன்று ஞாபகம். கறுப்பைப் பற்றிச் சடையன் சொன்னது பொய்யில்லை. வீ.மு. மனைவி பேச்சியம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதம் டிஸ்பென்சர் கறுப்பு பியர்தான் கொடுக்கச் சொன்னார். வீ.மு. கரண்டியால் ஊட்டுவார். அவள் குடித்தது போக மிச்சம் இவர். அதற்கு முன் இவருக்குப் பியரே பழக்கமில்லை.

ஞாயிறு, 15. மாலை

 

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

துரை காசு சுண்டினார். மேல்கணக்கு தலை கேட்டது, தலை விழுந்தது. கறுப்புப் பெட்டி நமக்கு. பெரியவர்களுக்கு மட்டும் முதலில் ஆளுக்கொரு போத்தல் திறப்பது வழக்கம். எங்கள் பெஞ்சில் மூவர்: நான், டீமேக்கர் சாமுவேல், வீ.மு. மூன்று போத்தல் எடுத்துக்கொண்டு பெட்டியை மறுபடி ஆணியடித்து மூடினார்கள். விசில் ஊதி முடியும்வரை ஆட்டக்காரர் எவனுக்கும் ஒரு சொட்டு கிடையாது.

முதல் பாதி கோல் இல்லை. மருதை புலி மாதிரி. ஒருமுறை பந்து முகத்தில் பட்டு மூக்கில் இரத்தம், துடைத்துவிட்டு நின்றான். சாமுவேல்: "வாத்தியாரே, இவன கொழும்புல பாத்தா வுடுவாங்களா." வீ.மு. குடிக்கவில்லை. போத்தலை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதி. கீழ்க்கணக்கு நெட்டையன் பந்தோடு வந்தான். எங்கள் ஆட்கள் கையைத் தூக்கி "ஆஃப்சைடு" என்று நின்றுவிட்டார்கள். அவன் நிற்கவில்லை. கோல். ரெஃபரி நம் டிஸ்பென்சர், விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். நிறைய யோசித்தார்.

கோல் விழுந்தால் சடையன் ஒரு குதியாட்ட அடி அடிப்பார், பிள்ளைகள் ஆடும். இன்று அதை அடிக்கவில்லை. எங்கள் பெஞ்சுப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் போய், மருதைக்கு முதுகுப் பக்கமாக நின்று, சாவு அடி அடித்தார். பாடை தூக்கும்போது அடிப்பது. மெதுவாக. கீழ்க்கணக்குப் பெண்கள் சிலர் விளையாட்டுக்கு ஒப்பாரி வைத்தார்கள். மைதானம் பாதி சிரித்தது.

மருதை திரும்பி ஓடினான். "தப்படிக்கிற நாயே" என்று கத்திக்கொண்டு. அவன் போய்ச் சேருமுன் சடையன் தலையில் போத்தல் விழுந்து உடைந்தது. காதுக்கு மேலே. தேங்காய் உடைக்கும் சத்தம். அவர் தப்பைக் கட்டிப் பிடித்தபடியே உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். அதற்குள் மருதை வந்து அவர் தலைமாட்டில் நின்றான்.

பிறகு எல்லாமும் ஒரே நேரத்தில். கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள். பெட்டிகள் உடைந்தன. குடிக்கவேண்டிய பியரெல்லாம் ஆகாயத்தில் பறந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருவன் எனக்குத் தெரிந்த இன்னொருவன் வாயில் கல்லால் குத்தினான். இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். டிஸ்பென்சர் மட்டும் நடுவில் நின்று விசில் ஊதிக்கொண்டே இருந்தார். தப்பை மிதித்துத் தோலைக் கிழித்தார்கள். துரை துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டபிறகுதான் ஓய்ந்தது.

சடையனை லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு. அவருக்கு நினைவு திரும்பவில்லை.

சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

திங்கள், 16

வெயில். கீழ்க்கணக்கில் யாரும் பெரட்டுக்கு வரவில்லை. அங்கே பெரட்டுத் தப்படிக்க ஆளும் இல்லை.

பொலிஸ் வந்து மருதையைக் கொண்டுபோனது. இரண்டு கணக்கு ஆட்களும் ஒரே குரலில் சொல்வது இந்த ஒன்றுதான்: போத்தலை எடுத்து அடித்தவன் மருதை. மேல்கணக்குக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள், கீழ்க்கணக்குக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு.

வகுப்பில் மை கொட்டினால் இப்படித்தான். கொட்டியவன் இடத்தில் உட்கார்ந்திருப்பான். துடைக்க ஓடுகிறவன் கையில் மை. வகுப்பே அவனைக் காட்டும்.

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். சிறு கழித்தல் கணக்கு. பெட்டி ஆணியடித்திருந்தது. வெளியே இருந்த கறுப்பு மூன்று போத்தல். என் போத்தல் என் கையில். சாமுவேலுடையது காலியாகி அவர் காலடியில். சடையன் சட்டையில் இரத்தத்தோடு கறுப்பு நுரை. மருதை கையில் ஒன்றுமே இல்லை.

கணக்குகூடத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீ.மு. எழுந்தார், கை ஓங்கியது, கை கீழே வந்தபோது போத்தல் இல்லை. பார்க்கவில்லை என்று எழுத ஆசை. பார்த்தேன்.

சார்ஜன்ட் என்னிடமும் வந்தார். "மாஸ்டர் தெக்காத?" பார்த்தீர்களா என்று. கூட்டத்தில் தெளிவாகத் தெரியவில்லை என்றேன். வீ.மு. தானாக வந்து சொல்வார். முப்பது வருஷமாக நான் செய்தது அதுதான். பிழையைக் காட்டிக் கொடுக்காமல் காத்திருந்தால் பிள்ளை தானே அழித்து எழுதும்.

செவ்வாய், 17

லயத்து வரிசை வீடுகளில் வீ.மு. வீட்டுக்குப் போனேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. பேச்சியம்மாவின் கொழுந்துக் கூடை இன்னும் சுவரில்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே:

"அந்த அடி இருக்கே வாத்தியாரே. நம்ம லயத்துலேர்ந்து சுடுகாடு வரைக்கும் சடையன் அதேதான் அடிச்சிக்கிட்டு வந்தான். நா அவ பொணத்துக்குப் பின்னால நடந்தேன். ஞாயித்துக்கிழமை மறுபடி கேட்டுச்சு. பொம்பளைங்க ஒப்பாரி வேற. கையில என்னா இருந்துச்சின்னு எனக்குத் தெரியல."

"மருதை உள்ளே இருக்கிறான்."

"தெரியும்."

"அவன் பெண்சாதி லெச்சுமி ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்."

"சடையன் கண்ணத் தொறக்கட்டும். அவனுக்கு நெனவு வந்துட்டா கேசு லேசாப் போயிரும். அப்ப நானே போயிச் சொல்றேன். ரெண்டு நாளு."

எழுந்தேன். வாசல்வரை வந்தார். "எம் பேச்சுக்குத்தான் இந்த லயத்துல நூறு பேரு கட்டுப்படுறாங்க. நா ஜெயிலுக்குப் போனா அவங்களுக்கு யாரு?" என்றார்.  அது கேள்வி இல்லை.

மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

புதன், 18

மூடுபனி, பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. அது அவர்களுக்கு வசதி.

கீழ்க்கணக்குப் பையன்கள் ஏழெட்டுப் பேர், சடையன் மகன் கறுப்பையா முன்னால், மேலே வந்தார்கள். கவ்வாத்துக் கத்தியும் கம்புமாக. எங்கள் ஆண்களெல்லாம் மலையில் வேலையில். மருதை வீட்டுக் கதவை வெட்டினார்கள். கூரைத் தகரத்தை இழுத்தார்கள். சட்டி பானை எல்லாம் வாசலில். லெச்சுமி நடுவில் போய் நின்றாள். கம்பு அவள் கையில் விழுந்தது. முழங்கைக்குக் கீழே முறிவு. அவளை அடிக்க வரவில்லை, கையை நீட்டிவிட்டாள் என்று இப்போது சொல்கிறார்கள். முறிந்த கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மத்தியானம் மேலிருந்து பதிலுக்குக் கீழே போனார்கள். ஒருவனுக்குத் தோளில் வெட்டு. ஒரு ஆட்டுக்குட்டியைச் சும்மா வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அதற்கு எந்தக் கணக்கு என்று யார் கேட்டார்கள்.

காசிம் நானா கடைக் கண்ணாடி அலுமாரி நொறுங்கியது. நானா கூட்டிக்கொண்டே: "மாஸ்டர், ரெண்டு பெஞ்சையும் ஒடச்சிட்டாங்க. இனி எல்லாரும் நின்டுதான் குடிக்கணும். நல்லது. நின்டா எந்தக் கட்சின்டு தெரியாது."

லெச்சுமிக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார் டிஸ்பென்சர். அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "சார், அவரு அடிக்கலைன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணுனாரு. யாரும் நம்பல. நீங்க நம்புறீங்களா?" என்றாள். நம்புகிறேன் என்றேன். அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்க்க முடியவில்லை.

என் பொறுமைக்கு விலை அவள் கை.

வியாழன், 19

சடையனுக்கு நினைவு வந்துவிட்டது. பஸ்ஸில் சாமுவேல் போய்வந்தார்.

நல்ல செய்தி என்று வீ.மு. வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில், கூட வந்த சாமுவேல் மீதியைச் சொன்னார். பொலிஸ் கேட்டபோது சடையன் சொன்னாராம்: "மருதைதான். சாயிறப்ப எந் தலமாட்டுல நின்னது அவன்தான்." கைநாட்டும் வைத்துவிட்டாராம். பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

இடக் காது கேட்கவில்லையாம். திரும்பி வராது என்றார்களாம்.

வீ.மு.விடம் இரண்டையும் சொன்னேன். நகத்தைப் பார்த்தார்.

"தப்படிக்கிறவனுக்குக் காது போச்சா" என்றார்.

நான்: "நாளைக்கு நான் சார்ஜன்டிடம் போகிறேன். நீங்கள் வந்தாலும் போகிறேன், வராவிட்டாலும் போகிறேன். இதை உங்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுவதுதான் முறை."

"பொலிசுக்கு அப்பறம் போவோம்."

"பிறகு என்றால்?"

"மொதல்ல கீழ்க்கணக்குக்கு. பொலிசுக்காரன் வந்து சொல்லி அவங்க தெரிஞ்சிக்கக் கூடாது. நா சொல்லணும்."

வேண்டாம் என்றேன். கறுப்பையா கையில் என்ன இருக்கும் என்று தெரியாது என்றேன். கறுப்பையா எனக்கு நாலாம் வகுப்பு வரை மாணவன். கையெழுத்து முத்து. கோபம் வந்தால் சிலேட்டை உடைப்பான்.

"தெரியும் வாத்தியாரே" என்றார்.

வெள்ளி, 20

இடது விலாவில் அடி. மூச்சு இழுத்தால் குத்துகிறது. உட்கார்ந்து எழுத முடிகிறது.

பெரட்டு கலைந்ததும் இருவரும் இறங்கினோம். அவர் கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, கங்காணியாகவே வந்தார். குறுக்குவழியில் போகலாம் என்றேன். ரோட்டிலேயே போவோம் என்றார்.

சடையன் வீட்டு வாசலில் கிழிந்த தப்பு சாத்தி இருந்தது. தோல் போய் மரச்சட்டம் மட்டும். லயமே வாசலுக்கு வந்துவிட்டது. கறுப்பையா கையில் கத்தி இல்லை, அதைப் பார்த்து எனக்கு நிம்மதி. அதுவும் பிழை.

வீ.மு. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சத்தமாக, பெரட்டில் பேர் கூப்பிடுகிற குரலில்:

"போத்தல எறிஞ்சது நான். மருதை இல்ல. அவங் கையில ஒண்ணும் கெடையாது."

 ஒரு கிழவி, "என்னா சொல்றாரு?" என்று பக்கத்தில் கேட்டாள்.

கறுப்பையா என்னைப் பார்த்தான். "நெசமா சார்?"

"உண்மை. நான் பார்த்தேன்."

"பாத்துட்டா இத்தன நாளு?"



அவன் குனிந்து தப்புச் சட்டத்தை எடுத்தான். முதல் அடி வாயில். பற்கள் போன சத்தம் கேட்டேன். இரண்டாவது கையில். வீ.மு. கையைத் தூக்கவில்லை, தடுக்கவில்லை, விழுந்த பிறகும் தலைப்பாகையை விடவில்லை. பிறகு எல்லோரும். செருப்பு, கம்பு, கால். நான் அவரை மறைத்து மேலே விழப் போனேன். யாரோ விலாவில் உதைத்துத் தள்ளிவிட்டு, "சார், தள்ளுங்க சார்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

நிறுத்தியது அந்தக் கிழவி. கறுப்பையாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "போதும்டா. ஒப்பன் கேட்டா என்னா சொல்வ?" என்றாள். சட்டத்தை அவன் கீழே போட்டான். இரண்டாக உடைந்திருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் அழுதான்.

கொழுந்து லொறியில் நுவரெலியாவுக்கு. அதே லொறி, அதே டிரைவர். "இது என்ன மாஸ்டர், வாரா வாரமா?" என்றான்.

வழியில் பொலிஸில் நிறுத்தச் சொன்னார் வீ.மு. வாயில் இரத்தத்தோடு சொன்னது சார்ஜன்டுக்கு விளங்கவில்லை. நான் சிங்களத்தில் சொன்னேன். நான் திங்கட்கிழமை சொன்னது பொய் என்பதையும். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

சனி, 21

மருதை வந்துவிட்டான். லெச்சுமி கூரையில் தகரத்தை ஒரு கையால் பிடிக்க அவன் ஆணி அடித்தான். நான் போனேன். மருதை எழுந்து நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பேச முடியாததற்கு அது ஒரு காரணம்.

கீழே பெரட்டுக்குத் தகர டின்னைத் தட்டினார்களாம். பாதிப் பேருக்குக் கேட்கவில்லையாம்.

ஞாயிறு, 22

பஸ்ஸில் நுவரெலியா. மழைத் தூறல். விலா வலி, உட்காராமல் நின்றே போனேன். இரண்டு ஆரஞ்சு, ஒரு பக்கெட் பிஸ்கட்.

வார்டில் இடமில்லை. யார் யார் என்று தெரியாமல் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள். சடையன் தலை முழுக்கக் கட்டு. வீ.மு. மணிக்கட்டில் மாவுக்கட்டு, முன் பல் நாலு இல்லை, தாடை வீங்கி ஒரு பக்கமாக. அவர் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு ஒரு கான்ஸ்டபிள், தூங்கி வழிந்துகொண்டு. கேஸ் உண்டு. குணமானதும் நேரே கோர்ட்டுக்கு.

சடையன் என்னைப் பார்த்து: "வாத்தியாரய்யா, அவரு எந்தப் பக்கம் படுத்திருக்காரு?"

"இடப்பக்கம்."

"அப்ப பேசுனாலும் கேக்காது. நல்லதாப் போச்சு."

 பிறகு வலியோடு தலையை முழுக்க அந்தப் பக்கம் திருப்பி, நல்ல காதை மேலே கொண்டுவந்தார்.

"கங்காணி. என்னா போத்தலு?"

வீ.மு. பல்லில்லாத வாயால் ஏதோ.

"கேக்கல."

"கறுப்பு."

"அதான் இந்த வலி. வெள்ளைன்னா நுரையோட போயிருக்கும்." சிரிக்கவில்லை. "பத்தியக்காரங்க பியருன்னேனே, அதுக்கா?"

"இல்ல. மேளத்துக்கு."

 இப்போதுதான் சடையனுக்குக் காரணம் தெரிந்தது என்று எனக்குத் தெரிந்தது. போத்தல் ஏன் வந்தது என்று இத்தனை நாள் யோசித்து மேட்சுக்குள்ளேயே தேடியிருக்கிறார்.

"பேச்சியம்மாவுக்கு நாந்தான் அடிச்சேன்" என்றார்.

"ஆமா."

"நல்லா அடிச்சேனா?"

வீ.மு. கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாத்தான் அடிச்ச."

மழை தகரத்தில். கான்ஸ்டபிள் விழித்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினார். நான் ஆரஞ்சை உரித்தேன், வேறு வேலை தெரியாமல். பாதியை ஒரு கட்டிலுக்கும் பாதியை மறு கட்டிலுக்கும். இருவரும் தொடவில்லை.

"அந்தக் கோலு கணக்குல உண்டா?" என்று சடையன் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் வீ.மு., கண்ணை மூடியபடியே, தெளிவாக: "ஆஃப்சைடு."

சடையன் கை போர்வைக்கு வெளியே வந்து, மேசையில் இருந்த தகரக் குவளையைத் தேடியது. மேளமாகத் தட்டவா எறியவா தெரியவில்லை. எழுந்து போய்க் குவளையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் நிறைய இருந்தது. வேட்டி நனைந்தது.